நாங்கள் பெருகுகிறோமா? ஒரு நூற்றாண்டுக் கணக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள், அவசரத்தில் பாதி வாசித்துவிட்டுப் பகிர வேண்டாம்.

சென்ற கிழமை தரம் 10 வகுப்பில் குடித்தொகைப் பாடம். பின் வரிசையில் இருந்து ஒரு மகன் எழுந்து கேட்டான்: "டீச்சர், 2050ல இந்த நாட்டுல நாங்கதான் கூடவாம். வட்ஸ்அப்ல வந்த. உண்மையா?" அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளைக்கு அதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாத, அதாலதான் எங்கட கடையெல்லாம் பத்த வெச்ச" என்றாள்.

ஒரே செய்தி, ஒருவருக்குப் பெருமை, ஒருவருக்குப் பயம். அதே செய்தி வேறு மொழியில் வேறு குழுக்களில் எச்சரிக்கையாகச் சுற்றுகிறது என்பதும் நமக்குத் தெரியும். அன்றைக்கு மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தோம். கலாசாலைக் காலத்தில் ஒப்படைக்காக எழுதி வைத்தவை. அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரம் கிடைக்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் எண்கள். இலங்கையில் நவீன முறையிலான முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அப்போது நாட்டின் மொத்தச் சனத்தொகை சுமார் 24 இலட்சம். 1881இல் முஸ்லிம்கள் 7.2 வீதம். 1946இல் 6.6 வீதம். 1981இல் 7.6 வீதம். அதாவது சரியாக நூறு வருடங்களில் எங்கள் பங்கு அரை வீதம்கூடக் கூடவில்லை. நடுவில் குறைந்தும் இருக்கிறது. அதன் பிறகு 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. யுத்தம். 2001இல் நடந்தது, ஆனால் வடக்கு கிழக்கில் முழுமையாக எடுக்க முடியவில்லை. ஆகவே 1981க்குப் பிறகு நாடு முழுவதற்குமான அடுத்த கணக்கு 2012இல்தான். அதில் நாங்கள் 9.7 வீதம்.

31 வருட இடைவெளியை ஒரே பாய்ச்சலாகப் பார்த்தவர்களுக்குத்தான் அது திடீர் வளர்ச்சியாகத் தெரிந்தது. "ஏழு ஒன்பதாகிவிட்டது" என்ற பேச்சு அங்கே தொடங்கியது.

இங்கே நாங்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த 31 வருடத்தில் முஸ்லிம்களின் எண்ணிக்கை வேகமாகத்தான் கூடியது. சுமார் 11 இலட்சத்து 20 ஆயிரமாக இருந்தோம், 19 இலட்சத்து 67 ஆயிரமானோம். வருடத்துக்கு 1.8 வீதம் அளவு. முழு நாடும் வளர்ந்தது வருடத்துக்கு 1 வீதம் அளவில். நம் ஆட்கள் சிலர் இதைச் சொன்னாலே "ஏன் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்" என்பார்கள். எண் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது, நாம் ஒளித்தால் ஒளியாது. அதை எப்படி வாசிப்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

அதே காலத்தில் பௌத்தர்களின் பங்கு 69.3இலிருந்து 70.1 ஆகக் கூடியது. அவர்களும் கூடினார்கள், நாங்களும் கூடினோம். அப்படியென்றால் யார் குறைந்தது? இந்துக்கள். 15.5இலிருந்து 12.6. அது அவர்கள் பிள்ளை பெறாமல் விட்டதால் வந்ததல்ல. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள், அந்தப் பயணம் 1980கள் வரை நீண்டது. 1983க்குப் பிறகு வடக்கு கிழக்கிலிருந்து கனடா, ஐரோப்பா, தமிழ்நாடு என்று போனவர்கள், யுத்தத்தில் இறந்தவர்கள், அந்தக் காலத்தில் பிறக்காமலே போன பிள்ளைகள். வீதம் என்பது ஒரு ரொட்டியைப் பங்கு வைப்பது போன்றது. ஒருவர் சபையை விட்டு எழுந்து போனால், கூடுதலாக ஒரு துண்டும் சுடாமலே மற்றவர்களின் பங்கு பெருக்கும். எங்கள் பங்கு கூடியதில் ஒரு பகுதி இன்னொரு சமூகத்தின் துயரத்தால் வந்தது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று பின் வரிசை மகனிடம் கேட்டோம். பதில் சொல்லவில்லை.

எண்ணிக்கையாகப் பார்த்தால், 31 வருடத்தில் முஸ்லிம்கள் கூடியது சுமார் 8 இலட்சத்து 46 ஆயிரம். பௌத்தர்கள் கூடியது சுமார் 40 இலட்சம். 2050 கதையையும் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். 31 வருடத்தில் 2.1 வீதப் புள்ளிகள். அதே வேகம் அப்படியே போனால் 50 வீதத்தைத் தொட இன்னும் எத்தனை வருடம்? வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி சட்டென்று கணக்குப் போட்டாள்: கிட்டத்தட்ட 600 வருடம். இது எதிர்வுகூறல் இல்லை, வெறும் வகுத்தல் பயிற்சி என்று சொல்லித்தான் அழித்தோம். ஏனென்றால் வேகம் ஒருபோதும் அப்படியே நிற்பதில்லை. அது ஏன் என்பதுதான் உண்மையான வரலாறு.

எங்கள் உம்மும்மா 11 பெற்றார். 7 பேர் வளர்ந்தார்கள். உம்மா 5 பெற்றார், 5 பேரும் இருக்கிறோம். எங்களில் யாருக்கும் 3க்கு மேல் இல்லை. இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலானோர் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பக்கத்து ஊர் சிங்கள வீடுகளில் கேட்டாலும் இதே கதைதான், ஒரு பத்திருபது வருடம் முன்னால் நடந்திருக்கும். சமூகங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் திசையில் இல்லை, நேரத்தில்.

அந்த 4 பிள்ளைகள் ஏன் மௌத்தானார்கள் என்று உம்மும்மாவிடம் கேட்டால் "காய்ச்சல்" என்பார். வேறு விளக்கம் இல்லை. 1934-35இல் இலங்கையில் வந்த மலேரியா கொள்ளைநோயில் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். அது பெரும் அழிவு, ஆனால் சாதாரண வருடங்களிலும் காய்ச்சல் பிள்ளைகளைக் கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தது. 1946இல் வீடு வீடாக டீ.டீ.டீ. தெளிக்கத் தொடங்கினார்கள். 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம், 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. ஒரே வருடத்தில்! உலகத்தின் குடித்தொகை ஆய்வாளர்கள் எல்லோரும் இலங்கையைத் திரும்பிப் பார்த்த வருடம் அது.

இதிலிருந்து ஒரு பெரிய விவாதம் பிறந்தது. பீட்டர் நியூமன் என்ற பொருளியலாளர் 1960களில், மலேரியா ஒழிப்புக்குத்தான் இந்த வீழ்ச்சியில் பெரும் பங்கு என்று எழுதினார். ஃபிரெட்ரிக்சன் என்பவர் இல்லை, மலேரியாவே இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருக்கிறதே என்றார். எங்கள் நாட்டு ஆய்வாளர் எஸ். ஏ. மீகமவும் இதில் எழுதினார். 1974இல் ஆர். எச். க்ரே மாவட்டம் மாவட்டமாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, யுத்தத்துக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு கால்வாசி அளவுதான், மீதி உணவு, வைத்தியசாலை, பொதுவான முன்னேற்றம் என்ற முடிவுக்கு வந்தார். இந்த விவாதம் சும்மா கல்விமான்களின் சண்டை இல்லை. மருந்து தெளித்தால் போதுமா, அல்லது மக்களின் வாழ்க்கையே மாற வேண்டுமா என்ற கேள்வி அது. கொவிட் காலத்தில் நாங்கள் மறுபடி கேட்ட கேள்வி.

எது எப்படியோ, 1946இல் 42, 43 வயது அளவில் இருந்த ஆயுள் எதிர்பார்ப்பு, 1950களின் நடுவில் 60ஐ நெருங்கியது. 1945இலிருந்து இலவசக் கல்வி. கன்னங்கராவின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பாடப்புத்தகத்துக்காக மட்டும் சொல்லாதீர்கள். குடித்தொகை வரலாற்றிலும் அவர் இருக்கிறார். மிட்வைஃப் மிஸ் ஊருக்குள் வந்தார். 1940களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. உலகத்தில் பொதுவாகப் பெண்கள்தான் ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்வார்கள். இலங்கையிலோ 1960கள் வரை பெண்களின் ஆயுள் ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. பிரசவம் அதற்கு ஒரு முக்கிய காரணம். எங்கள் உம்மும்மா 11 தடவை அந்த ஆபத்தைக் கடந்து வந்தவர் என்று நாம் ஒருபோதும் யோசிப்பதில்லை.

பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கின, ஆனால் பெறும் எண்ணிக்கை உடனே குறையவில்லை. 1953இல் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகள் சராசரியாக 5க்கு மேல். 1993இல் 2.3. நாற்பதே வருடம். எப்படி நடந்தது? குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1953இல் தொடங்கியது, 1958இல் சுவீடன் உதவியுடன் ஒரு முன்னோடித் திட்டம் வந்தது, 1965இல் அரசாங்கம் அந்த வேலையைத் தன் கையில் எடுத்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஆரம்பத்தில் கருவளம் குறைந்ததில் மாத்திரையைவிடப் பெரிய பங்கு கல்யாண வயதுக்கு.

1901இல் இலங்கைப் பெண்ணின் சராசரித் திருமண வயது 18.3. அந்த 1901 கணக்கெடுப்பை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம். 1971இல் 23.5. 1981இல் 24.4. யாரும் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு வேலை தேடினார்கள், மாப்பிள்ளைக்கும் வேலை கிடைக்கவில்லை, காத்திருந்தார்கள். 1980களில் ஜோன் கோல்ட்வெல் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் இங்குள்ள ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஊர்களுக்குப் போய் விசாரித்து, இந்தத் திருமணத் தாமதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வறிய நாடாக இருந்தும் மக்களைச் சாக விடாமல் காத்த இடங்கள் என்று அவர் 1986இல் முன்னிறுத்தியவை மூன்று: இலங்கை, கேரளா, கொஸ்டாரிக்கா. மூன்றிலும் பெண்கல்வியை அவர் சுட்டிக்காட்டினார்.

இப்போது எங்கள் பக்கம். முஸ்லிம் பெண்களின் கருவளம் நாட்டுச் சராசரியைவிடக் கூட, திருமண வயது குறைவு. இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. மார்க்கம்தான் காரணம் என்று வெளியில் சொல்கிறார்கள், உள்ளேயும் சில குத்பாக்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். வரலாறு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஸஹாபாக்கள் அஸ்ல் செய்துவந்தது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் அதை அனுமதித்து, பிரசவ ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பது, அதிக பிள்ளைகளால் வரும் கஷ்டத்தைத் தவிர்ப்பது போன்ற நோக்கங்களைக் குறை காணாமல் பேசுகிறார். ஈரானில் 1980களின் நடுவில் பெண்ணுக்கு 6க்கு மேல் இருந்த சராசரி, 2000 அளவில் 2க்கு வந்தது. ஆயத்துல்லாக்களின் ஆட்சியில், கிராமத்துச் சுகாதார இல்லங்கள் வழியாக. பங்களாதேஷில் 1970களில் 6க்கு மேல், 2011இல் 2.3. கலிமா ஒன்றுதான், எண் வேறு. மாறியது பள்ளிக்கூடமும், வைத்தியசாலையும், பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும்.

இன்னொரு நுட்பமான விஷயம். 1987, 1993, 2000 ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. இலங்கை முஸ்லிம்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் வாழ்வது கிழக்கில். அப்படியென்றால் பல வருடங்களாக "முஸ்லிம் பெண்களின் கருவளம்" என்று வெளிவந்தது, மூன்றில் ஒரு பகுதியைக் காணாத கணக்கு. 2006-07இல் கிழக்கு சேர்ந்தது, 2016இல்தான் 25 மாவட்டங்களும். 2000இல் 1.9 ஆக இருந்த நாட்டுச் சராசரி 2006-07இல் 2.3 ஆகத் தெரிந்ததற்கு இந்தச் சேர்க்கையும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் படம் போட்டு பயமுறுத்தியவர்கள் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பயமுறுத்தலின் விலையை நாம் கொடுத்தோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கொத்தில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது மாவுக் கட்டி. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டாயிற்று, அடுத்த கிழமை திகன. 2019இல் ஈஸ்டர் தாக்குதலின் பின், குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகப் பத்திரிகையின் முன்பக்கத்தில் போட்டார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்குச் சொன்னது. பின்னர் அவர் வேலைக்குத் திருப்பி எடுக்கப்பட்டார். குடித்தொகைக் கணக்குத் தெரியாத ஒரு சமூகத்தில் ஒரு மாவுக் கட்டி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் வெளியே நடந்ததைப் பேசிவிட்டு உள்ளே நடப்பதைப் பேசாமல் விட்டால் அது நேர்மை இல்லை. 1995இல் பொதுத் திருமணச் சட்டத்தில் குறைந்த வயது 18 ஆக்கப்பட்டபோது, முஸ்லிம்கள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்த வயதே இல்லை. 12 வயதுக்குக் கீழ் என்றால் காழியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றி வாதாடும் பெரியவர்கள் ஒருமுறை எங்கள் வரவு இடாப்பைப் பார்க்க வேண்டும். ஓ.எல். பரீட்சைக்குப் பிறகு சில பெயர்களுக்கு நேரே சிவப்புக் கோடு விழும். அவர்களில் ஒருத்தி கணிதத்தில் ஏ எடுத்தவள். இரண்டு வருடம் கழித்து கிளினிக்கில் கண்டோம், கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "டீச்சர்" என்று சிரித்தாள். என்ன பேசுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை, பிள்ளையின் பெயரைக் கேட்டோம்.

இனி வரப்போவது வேறு கதை. 2012இல் நாட்டில் சுமார் மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். 2024இல் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம். எல்லாச் சமூகங்களையும் சேர்த்துத்தான். கொவிட், பொருளாதார நெருக்கடி, பால்மா விலை, வெளிநாடு போன இளம் தம்பதிகள். தரம் 1 அனுமதிக்கு வரிசையில் நின்று அடிபட்ட பாடசாலைகள் இனிப் பிள்ளை தேடும். எங்கள் சமூகத்தில் இளம் வயதினர் கூட என்பதால், தாய்க்கு இரண்டு என்று ஆனாலும் பிறப்புகள் இன்னும் கொஞ்சக் காலம் கூடித்தான் இருக்கும். இதைக் குடித்தொகை உந்தம் என்பார்கள். ஓடிவந்த பஸ் பிரேக் போட்டாலும் கொஞ்சத் தூரம் போய்த்தானே நிற்கும், அது மாதிரி. நின்ற பிறகு எங்கள் வீடுகளிலும் கிழவர்கள் கூடுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தோம். உம்மா எத்தனை பெற்றார், உம்மும்மா எத்தனை, வாப்பும்மா எத்தனை என்று கேட்டு எழுதி வாருங்கள் என்று. சிலர் கொப்பியில் எழுதி வந்தார்கள். ஒரு பிள்ளை, மூத்த வாப்பா பழைய கிதாப் ஒன்றின் உள் அட்டையில் அரபுத்தமிழில் எழுதி வைத்திருந்த பிறந்த திகதிகளைப் ஃபோனில் படம் எடுத்து வந்திருந்தாள். மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் "மௌத்" என்று இருந்தது. எல்லாவற்றையும் பலகையில் போட்டோம். உம்மும்மாக்களின் சராசரி நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட வந்தது.

அதில் ஒரு பிழை இருக்கிறது. சாமுவேல் பிரெஸ்டன் என்ற ஆய்வாளர் 1976இல் காட்டிய பிழைதான். பிள்ளைகளிடம் கேட்டால், அதிகம் பெற்ற தாய்மார்தான் அதிகம் அகப்படுவார்கள். 8 பெற்றவருக்கு வகுப்பில் பேரப்பிள்ளை இருக்க வாய்ப்புக் கூட, 1 பெற்றவருக்குக் குறைவு. ஆகவே இந்தச் சராசரியை ஊரின் சராசரி என்று எடுக்கக் கூடாது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தோம்.

முன் வரிசையில் இருந்த பிள்ளை கை உயர்த்தினாள். "டீச்சர், எங்கட மாமிக்குப் பிள்ளையே இல்ல. வாப்பாவ வளர்த்தவங்களும் அவங்கதான், எங்களப் பாக்கிறவங்களும் அவங்கதான். அவங்க இந்தப் பலகைல எங்க?"

நாங்கள் சோக்கை எடுத்து ஓரத்தில் ஒரு பூச்சியம் போட்டோம். அவள் திருப்திப்படவில்லை. பெயரையும் எழுதச் சொன்னாள்.